ஈஸ்ட் கேர்க்பி: லங்காஸ்டர் பார்க்க அம்மாவோடு போன நாள்

பீற்றர்பரோவில் இருக்கிற எங்கட சனத்துக்கு ஏ16 றோட்டு தண்ணிபட்ட பாடு. கோடை வந்தால் புட்டும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு, பொஸ்டன் போய், அங்கே வலப்பக்கம் திரும்பி ஸ்கெக்னஸ் கடலில் கால் நனைத்துவிட்டு வருவோம். இந்த முறை திரும்பவில்லை. பொஸ்டன் தாண்டி அதே றோட்டில் இன்னும் கொஞ்சத் தூரம் போய், இடப்பக்கம் ஏ155 இல் இறங்கினோம். தட்டைத் தரை, கறுத்த மண், கண்ணுக்கு எட்டியவரை கோவா. அம்மா யன்னலோடு முகத்தை வைத்துக்கொண்டு, "இவ்வளவு கோவாவையும் ஆர் தம்பி தின்னுறது?" என்று கேட்டா.

போன இடம் லிங்கன்ஷயர் ஏவியேஷன் ஹெரிட்டேஜ் சென்ரர். ஈஸ்ட் கேர்க்பி என்ற சின்ன ஊரில், இரண்டாம் உலகப்போர் காலத்துப் பொம்மர் விமானத்தளம் ஒன்றின் மிச்சத்தில் நடத்துகிற அருங்காட்சியகம். மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் இந்த வருசம் உலகப்போர்ப் பாடம். எஞ்சின் போட்டு ஓடக்கூடிய லங்காஸ்டர் பொம்மர் ஒன்று அங்கே நிற்கிறது என்று ரீச்சர் சொன்னதில் இருந்து வீட்டில் நச்சரிப்பு. அம்மாவிடம் "பழைய பிளேன் ஒன்று பார்க்கப் போறம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். முழுதாகச் சொல்லாததற்குக் காரணம் இருந்தது.

நாங்கள் யாழ்ப்பாணத்து வசாவிளான் ஆக்கள். பலாலி ஓடுபாதையின் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். 1990 இல் எனக்குப் பதினொரு வயது. அந்த வயதில் எங்களுக்கு வாய்ப்பாடு பாடமோ இல்லையோ, குண்டுபோட வருகிற இலங்கை விமானப்படையின் சத்தம் பாடம். ஹெலி என்றால் வேறு, சியாமாசெட்டி என்றால் வேறு, அவ்ரோ என்றால் வேறு. அவ்ரோ வந்தால் அம்மா எங்களை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் போவா. பீப்பாய்க் குண்டு உருண்டு வருகிற அந்த இடைவெளியில் அவ எண்ணிக்கொண்டிருப்பா. எத்தனை வரைக்கும் எண்ணுவா என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆகையால் ஒரு பொம்மர் எஞ்சினைப் பக்கத்தில் நின்று கேட்க அவவைக் கூட்டிக்கொண்டு போவது சரியா என்று எனக்கே சந்தேகம். ஆனால் வீட்டில் தனிய விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லிங்கன்ஷயர் தட்டை நிலம், ஜேர்மனியைப் பார்த்த கிழக்குக் கரை. அந்த இரண்டு காரணத்தாலும் போர் முடிகிறபோது இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஐம்பதுக்குக் கிட்ட விமானத்தளங்கள். தோட்டக்காணிகளை எடுத்து, கொங்கிறீற் ஊற்றி, ஓடுபாதை போட்டார்கள். ஈஸ்ட் கேர்க்பி 1943 ஓகஸ்டில் திறந்தது. முதலில் 57ஆம் ஸ்குவாட்ரன் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அதில் ஒரு பகுதியைப் பிரித்து 630ஆம் ஸ்குவாட்ரனை உண்டாக்கினார்கள். இரண்டும் லங்காஸ்டர் ஓட்டினவை. பேர்லின் மீது தொடர்ந்து அடித்த அந்தக் குளிர்காலம் முழுக்க இங்கே இருந்தும் பொடியன்கள் ஏறிப் போனார்கள். வாசலில் இரண்டு ஸ்குவாட்ரனின் எண்ணும் வெட்டின நினைவுக்கல் இருக்கிறது. கார் நிறுத்தின கையோடு உள்ளே ஓடாமல் அதில் ஒரு நிமிசம் நில்லுங்கள்.

இந்த இடத்தை அரசாங்கம் நினைவுச்சின்னமாக ஆக்கவில்லை. கோழிப்பண்ணைக்காரச் சகோதரர் இரண்டு பேர் ஆக்கினார்கள்: ஃப்ரெட் பான்ரன், ஹரல்ட் பான்ரன். இவர்களின் மூத்த அண்ணன் கிறிஸ்ரோபர் ஹலிஃபக்ஸ் விமானமொன்றில் ஃபிளைட் எஞ்சினியர். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பேர்க் போனவர், திரும்பவில்லை. வயது 19. அந்த இரவு போன விமானங்கள் 795, வராதவை 95. பிரித்தானிய விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பொம்மர் கொமாண்டுக்கு ஒரே இரவில் அதைவிடப் பெரிய இழப்பு முழுப்போரிலும் இல்லை. தம்பிமார் அப்போது சின்னப் பொடியன்கள். வளர்ந்து, கோழி வளர்த்து, காசு சேர்த்து, 1972 இல் ஒரு லங்காஸ்டர் ஏலத்துக்கு வந்தபோது கேட்டுப் பார்த்தார்கள். கைக்கு எட்டவில்லை. விடவில்லை, 1983 இல் அதே விமானத்தை வாங்கினார்கள். 1988 இல்தான் ஈஸ்ட் கேர்க்பிக்குக் கொண்டுவர முடிந்தது. அண்ணன் பறந்தது லங்காஸ்டரும் இல்லை, இந்தத் தளத்தில் இருந்தும் இல்லை. அது அவர்களுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை போல. எனக்கு அந்த விசயம்தான் பிடித்தது. எங்கட ஊர்களிலும் உடம்பு கிடைக்காத பிள்ளைக்கு எங்கேயோ ஒரு இடத்தில் விளக்கு வைக்கிறோம்தானே.

அந்த விமானத்தின் சரித்திரம் தனிக்கதை. இலக்கம் என்எக்ஸ்611, செல்லப்பெயர் ஜஸ்ட் ஜேன். 1945 ஏப்ரலில் பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் லோங்பிரிட்ஜ் என்ற இடத்தில், ஒஸ்ரின் கார்க் கொம்பனியின் தொழிற்சாலையில் கட்டினது. யப்பானுக்கு எதிராக அனுப்ப இருந்தார்கள், அதற்குள் போர் முடிந்துவிட்டது. 1952 இல் பிரெஞ்சுக் கடற்படை வாங்கியது. பிறகு பசுபிக்கில் நியூ கலிடோனியா. 1964 இல் சிட்னி. 1965 இல் இங்கிலாந்துக்குத் திரும்பிப் பறந்து வந்து, கைமாறிக் கைமாறி, ஸ்கம்ரன் விமானத்தள வாசலில் பத்துப் பதினைந்து வருசம் காவல் நின்று, கடைசியில் இங்கே. இதை வாசித்த மகன் "பெரியப்பா மாதிரி" என்றான். அவன்ர பெரியப்பா ஜேர்மனி, பிரான்ஸ், கனடா என்று மாறி மாறிப் போய் விசா எடுத்தவர்.

ஹங்கருக்குள் முதலில் கண்ணில் படுவது அதன் அளவு. செட்டையின் நுனியில் இருந்து நுனிக்கு 102 அடி. குண்டு வைக்கிற வயிறு மட்டும் 33 அடி நீளம். கதவு திறந்திருந்தால் அதற்குக் கீழே நின்று மேலே பாருங்கள். எங்கட வீட்டு விறாந்தையைவிட நீளம். ஏழு பேர் ஏறுகிற விமானம், ஆனால் ஏழு பேருக்குச் செய்த இடம் எங்கேயும் இல்லை. எல்லா இடமும் குண்டுக்கும் பெற்றோலுக்கும் போக, மிச்ச மூலையில் ஆளைச் செருகியிருக்கிறார்கள். ஓட்டி, ஃபிளைட் எஞ்சினியர், வழிபார்க்கிறவர், வயர்லெஸ்காரர், முன்னால் குப்புறப் படுத்துக் குண்டு குறிவைக்கிறவர், முதுகில் ஒரு துவக்குக்காரன், வாலில் ஒரு துவக்குக்காரன். நடுவில் செட்டையைத் தாங்குகிற உத்திரம் இடுப்பளவு குறுக்கே ஓடுகிறது. தடித்த உடுப்போடு இருட்டில் அதைத் தாண்டித்தான் முன்னுக்கும் பின்னுக்கும் போகவேண்டும்.

வால்பக்கம் கட்டாயம் போங்கள். நான் அதில்தான் கூட நேரம் நின்றேன். கண்ணாடிக்கூண்டு ஒன்று, நாலு துவக்கு, ஒரு சின்ன இருக்கை. பரசூட்டோடு அதற்குள் இருக்க இடமில்லை, ஆகையால் பரசூட் வெளியே, விமான உடம்புக்குள் தொங்கும். அடிபட்டால் கூண்டைத் திருப்பி, கதவைத் திறந்து, கையை நீட்டி எடுத்து, கொழுவி, பிறகு குதிக்கவேண்டும். மேலே குளிர் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது வரைக்கும் இறங்கும். அப்படியும் சில பொடியன்கள் முன்னால் இருந்த கண்ணாடியை வேண்டுமென்றே கழற்றிவிட்டுத்தான் பறந்தார்கள். கண்ணாடியில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தால் அது எதிரி விமானமா அழுக்கா என்று தெரியாதாம். ஏழெட்டு மணித்தியாலம், தனிய, வந்த வழியைப் பார்த்தபடி.

பின்னேரம் எஞ்சின் போட்டார்கள். காசு கட்டினவர்கள் உள்ளே ஏறி, விமானம் புல்வெளியில் உருண்டு ஓடுகிறபோது கூடப் போகலாம். பறக்காது, ஓடும். அந்த ஆசனங்களைப் பல மாதம் முன்னதாகவே பதிய வேண்டும், விலையும் கையைக் கடிக்கும். நாங்கள் வேலிக்கு வெளியே புல்லில் நின்ற கூட்டம்.

அம்மாவை நான் தூரத்தில் ஒரு வாங்கில் இருத்திவிட்டு, "சத்தம் பெரிசா இருக்கும் அம்மா, வேணுமெண்டா காருக்குள்ள போய் இருங்கோ" என்றேன். அவ சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, "ஏன், மேலயே வரப்போகுது? கீழதானே நிக்குது" என்றா.

நாலு எஞ்சினையும் ஒரேயடியாகப் போடுவதில்லை. ஒவ்வொன்றாக. முதல் எஞ்சினின் காற்றாடி இரண்டு தரம் சோம்பல் முறித்தமாதிரி அசைந்தது, நின்றது, பிறகு ஒரு வெடிச்சத்தத்தோடு நீலப்புகை கக்கிக்கொண்டு பிடித்தது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவதும் பிடித்தபோது எங்களுக்கு முன்னால் இருந்த புல் எல்லாம் ஒரே பக்கம் படுத்தது. காதால் கேட்கிற கட்டம் தாண்டிப் போய் நெஞ்செலும்புக்குள் கேட்டது. மகன் இரண்டு கையாலும் காதைப் பொத்தினான். எனக்கு, சொல்ல வெட்கம், முழங்கால் கொஞ்சம் தளர்ந்தது. முப்பத்தைந்து வருசத்துக்குப் பிறகும் உடம்பு தன் பாட்டில் பள்ளம் தேடியது.

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவ எழும்பி வேலிக்குக் கிட்ட வந்துவிட்டா. தலையை ஒரு பக்கம் சாய்த்து, குழம்புக்கு உப்புப் பார்க்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டு நின்றா. கொஞ்ச நேரத்தால் என் காதுக்குள் கத்தினா: "இது அவ்ரோ இல்லை. அவ்ரோ கீச்சிடும். இது உறுமுது."

அவவிடம் என்னத்தைச் சொல்ல. இதுவும் அவ்ரோதான். லங்காஸ்டரை வரைந்து கட்டினது மான்செஸ்ரரில் இருந்த அவ்ரோ கொம்பனி, தலைமை வடிவமைப்பாளர் றோய் சட்விக். முதலாவது பறந்தது 1941 ஜனவரியில். எங்கட வானத்தில் வந்தது அதே கொம்பனி பயணிகளை ஏற்ற என்று வடிவமைத்த 748, அது முதலில் பறந்தது 1960 இல். சனம் ஏற்றச் செய்ததற்குள் பீப்பாயை ஏற்றினவர்கள் வேறு ஆக்கள். எஞ்சின்கூட இரண்டும் றோல்ஸ் றோய்ஸ்: இதற்கு மேர்லின், அதற்கு டார்ட். மேர்லின் பிஸ்டன் எஞ்சின், உறுமும். டார்ட் சுழலி எஞ்சின், கீச்சிடும். அம்மா படித்தது எட்டாம் வகுப்பு, சொன்னது முழுச்சரி.

எஞ்சின் நின்ற பிறகு அங்கே தொண்டு வேலை செய்கிற வயதான மனிதர் ஒருவர் எங்களோடு கதைக்க வந்தார். மகன் மொழிபெயர்க்க, அம்மா இரண்டு கேள்வி கேட்டா. முதலாவது: "இதுக்குள்ள போன பொடியளுக்கு எத்தினை வயசு?" பொம்மர் கொமாண்டில் பறந்தவர்களின் சராசரி வயது இருபத்திரண்டு என்றார் அவர். பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர், செத்தவர்கள் 55,573. நூற்றுக்கு நாற்பத்துநாலு. முப்பது தடவை போய்த் திரும்பினால் ஒரு தவணை முடிந்தது என்று ஓய்வு கிடைக்கும், ஆனால் முப்பதை எட்டினவர்கள் குறைவு. அம்மா "ஐயோ" என்று வாயில் கை வைத்தா. பிறகு இரண்டாவது கேள்வி: "கீழ இருந்த சனம் எத்தினை?"

மகன் அதை மொழிபெயர்க்கத் தயங்கினான். நான் கேட்டேன். அந்த மனிதர் முகத்தைத் திருப்பவில்லை. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் மட்டும் 25,000 வரைக்கும் என்றார். இந்தத் தளம் இருந்த 5ஆம் குரூப்தான் அங்கே குண்டு போட்ட இரவில் முதல் அலையாகப் போனது என்பதையும் தானாகவே சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அம்மா அவருடைய கையைப் பிடித்து ஒருதரம் தட்டிக் கொடுத்துவிட்டு, "தேத்தண்ணி எங்க குடிக்கலாம் எண்டு கேள்" என்றா.

தேத்தண்ணிக்குப் போக முன் கொன்றோல் ரவரில் ஏறிவிடுங்கள். போர்க்காலத்தில் இருந்தபடி திருத்தி வைத்திருக்கிறார்கள். புறப்பட்ட விமானங்களை அன்று ஒரு பலகையில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றும் திரும்பி வர வர அதன் நேரத்தைப் பக்கத்தில் குறிப்பார்களாம். வராததற்கு அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கும். எழுதினவர்களில் பலர் பெண்பிள்ளைகள், பறக்கிறவர்களின் வயதுதான் அவர்களுக்கும். இறந்தவர்களின் பெயர்களுக்கென்று சிறிய வழிபாட்டறையும் இருக்கிறது. அங்கே படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை, ஆகையால் இந்தப் பதிவில் படமும் இல்லை. சாவு எப்போதும் ஜேர்மனிக்கு மேலேதான் வந்தது என்றும் இல்லை. 1945 ஏப்ரல் 17, ஐரோப்பாவில் போர் முடிய மூன்றே கிழமை இருக்க, குண்டு ஏற்றிக்கொண்டிருந்த லங்காஸ்டர் ஒன்று இந்தத் தளத்திலேயே தீப்பிடித்து வெடித்தது. பக்கத்தில் நின்ற விமானங்களும் சேர்ந்து போயின.

சாப்பாட்டுக் கடையின் பெயர் நாஃபி. அந்தக் காலத்தில் படையாட்களுக்கு ரீயும் பணிசும் விற்ற கன்ரீனின் பெயர் அது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அம்மா சைவம், ஆகையால் அவவுக்கு பாணும் பீன்ஸும். எனக்கும் மகனுக்கும் முட்டை. தேத்தண்ணி நல்ல சாயம், பால் அளவு. முட்டை சாப்பிடுகிறபோது மகனுக்கு ஒரு விசயம் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்: போர்க்காலத்தில் சாதாரண சனத்துக்குப் பங்கீட்டில் கிழமைக்கு ஒரு முட்டை, அதுவும் கிடைத்தால். பறக்கிற பொடியன்களுக்கு மட்டும் போய்வந்தால் பன்றி இறைச்சியோடு பொரித்த முட்டை. "நீ வராட்டி உன்ர முட்டையை நான் எடுக்கட்டோ" என்பது அவர்களுக்குள் வழக்கமான பகிடியாம். மகன் தன் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

போகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். ஏழு நாளும் திறப்பதில்லை, எஞ்சின் ஓடுகிற நாட்கள் அதைவிடக் குறைவு. எஞ்சின் இல்லாத நாளில் போவது தேர் ஓடாத நாளில் தேர் பார்க்கப் போகிற மாதிரி, ஆகையால் நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். குளிர்காலத்தில் விமானத்தைப் பிரித்துத் திருத்துவார்கள். ஒருநாள் இதைத் திரும்பப் பறக்க வைப்பதுதான் அவர்களின் நோக்கம். உலகத்தில் இன்றைக்குப் பறக்கக்கூடிய லங்காஸ்டர் இரண்டு, ஒன்று இங்கிலாந்தில், மற்றது கனடாவில். யூலையாக இருந்தாலும் ஜக்கெற் கொண்டு போங்கள், வெளியாலே வெட்டைவெளிக் காற்று. பிள்ளைகளுக்குக் காது மூடி கட்டாயம். மூன்று மணித்தியாலம் போதும் என்று நினைத்துப் போனோம், ஐந்து எடுத்தது.

நேரம் இருந்தால் இன்னொரு நாள் லிங்கன் நகரத்தில் கன்விக் ஹில்லில் இருக்கிற சர்வதேச பொம்மர் கொமாண்ட் மையத்துக்கும் போங்கள். 2018 இல் திறந்தது. லங்காஸ்டரின் செட்டை நீளம் எவ்வளவோ அவ்வளவு உயரத்துக்கு, 31 மீற்றர், ஒரு இரும்புக் கூம்பு. அதைச் சுற்றி 58,000 பெயருக்குக் கிட்ட. குண்டுக்குக் கீழே இருந்த ஜேர்மன் சனத்தின் குரலையும் அங்கே சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு அங்கேதான் கூடப் பதில். ஆனால் எஞ்சின் சத்தம் இல்லை.

நட்சத்திரம்: ஐந்துக்கு நாலரை. குறைத்த அரை எனக்கு, ஜக்கெற்றை வீட்டில் விட்டுவிட்டுப் போனதற்கு.

வெளிக்கிடுகிற நேரம் பழைய ஓடுபாதைப் பக்கம் கொஞ்சம் நடந்தோம். கொங்கிறீற் அங்கங்கே மிஞ்சியிருக்கிறது, வெடிப்புக்குள் புல். அதன் நீளத்துக்கு நீட்டு நீட்டாகக் கோழிக் கொட்டில்கள். அம்மா நின்றா. அவவின் தகப்பன், எங்கட அம்மப்பா, வெள்ளைக்காரன் காலத்தில் பலாலிப் பக்கம் ஓடுபாதை போடக் காணி எடுத்த கதையைச் சாகும்வரை சொன்ன மனிசன். அந்தப் போரில் காங்கேசன்துறைத் தளத்தில் இருந்தும் லிபரேற்றர் பொம்மர்கள் பறந்தவை. அதற்குப் பிறகு எங்களுக்கு மிஞ்சியிருந்த நாலு பரப்பும் 1990 இல் ஆமியின் வேலிக்கு அந்தப் பக்கம் போனது. இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

"இவைக்குக் காணி திரும்பக் குடுத்திட்டாங்களே தம்பி?"

"குடுக்கேல்லை அம்மா. கோழிக்காரர் விலைக்கு வாங்கினவை."

அவ கோழிக் கொட்டில்களை ஒரு நுனியில் இருந்து மற்ற நுனி வரைக்கும் பார்த்தா.

"எங்கடையையும் விக்கச் சொல்லன். நான் வாங்குறன்."